பாத் டப் குழாயை நாமே மாற்றிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் ஷவரைத் திறந்தால் பாதித் தண்ணீர் கீழே டப் குழாய் வழியாகவே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மேலே இருக்கும் குமிழை இழுத்தால், உள்ளே ஒரு சின்னத் தடுப்பு ஏறி வழியை அடைத்துத் தண்ணீரை ஷவருக்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பெயர் டைவர்ட்டர். அது தேய்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். அதை மட்டும் சரிசெய்ய மெனக்கெடுவதைவிடக் குழாயையே மாற்றுவது சுலபம். புதிதாகக் கை வைப்பவர்களுக்கு நல்ல வேலை இது.

ஆனால் தண்ணீரை மூடிய பிறகும் குழாய் சொட்டுகிறது என்பதற்காக இதில் இறங்காதீர்கள். அந்தக் கோளாறு சுவருக்குள் இருக்கும் வால்வின் வாஷரிலோ, தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற உள்பாகத்திலோ இருக்கும். புதுக் குழாய் போட்டாலும் அதே சொட்டுதான்.

கடைக்குப் போகும் முன் குழாயின் அடிப்பக்கத்தை, சுவரை ஒட்டிய இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சின்னத் துளையும் அதற்குள் ஒரு திருகும் தெரிந்தால், அது செம்புக் குழாயின் மேல் செருகி நிறுத்திய வகை. ஆலன் கீ (அறுகோண முனையுள்ள சாவி) போட்டுத் தளர்த்தினால் அப்படியே உருவிவிடலாம். துளை இல்லையென்றால் பெரும்பாலும் மரை வகை, திருகித்தான் கழற்ற வேண்டும். எங்களுடையது இதுதான்.

டப் குழாய் வால்வுக்கு அப்புறம் இருப்பதால், வால்வு சரியாக மூடுகிற வரை வீட்டுக்கு வரும் தண்ணீரின் மெயின் வால்வை அடைக்க வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் அந்த மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். வடிகால் துளையைத் துணியால் அடைத்து, டப்பில் கனமான துண்டை விரித்தேன். ஸ்பேனர் கை நழுவி விழுந்தால் எனாமல் பெயர்ந்துவிடும். சுவரை ஒட்டிய பழைய சிலிக்கானை பிளேடால் சுற்றிலும் அறுத்துவிட்டு, குழாயின் வாய்க்குள் ஒரு மரக் கைப்பிடியைக் கொடுத்து இடப்பக்கமாகத் திருப்பினேன்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மரை விடும்போது முதலில் ஒரு 'கிறீச்' கேட்கும், அப்புறம் ஒரே சீராகச் சுழலும். அப்படியில்லாமல், திருப்பிவிட்டுக் கையை எடுத்ததும் குழாய் தானாகப் பின்னுக்கு வருகிறதென்றால், சுவருக்குள் இருக்கும் பைப் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே பற்றவைத்த இடம் விட்டுப்போனால் சுவரை உடைக்காமல் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் பிளம்பரைக் கூப்பிடுவதுதான் சரி.

கழன்ற பிறகு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பின் நீளத்தை அளந்துகொண்டு, பழைய குழாயையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளம் பொருந்தாவிட்டால் புதுக் குழாய் சுவரைத் தொடாமல் நிற்கும், அல்லது மரை முழுதாக ஏறாது.

டெஃப்லான் டேப்பை, பைப்பின் முனையை நேராகப் பார்த்தபடி, கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து வந்துவிடும். குழாயின் வாய் கோணலாக நின்றால், நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பக் கூடாது, ஒழுகும். கழற்றி இன்னும் ஒரு சுற்று டேப் சேர்த்துப் பூட்டுங்கள்.

மறுமொழி:

எங்கள் வீட்டில் செருகும் வகை. உருவிய பிறகு செம்புக் குழாயின் முனையைத் தடவிப் பார்த்தேன், பிசிறு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புதுக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை அது கிழித்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அப்புறம்தான் செருகினேன். திருகை ஒரேயடியாக இறுக்காதீர்கள், செம்பு நசுங்கிவிடும். குழாய் அசையாமல் நின்றால் போதும்.

மறுமொழி:

சிலிக்கான் பூசும்போது மேலேயும் பக்கங்களிலும் மட்டும் பூசுங்கள், அடியில் சின்ன இடைவெளி விடுங்கள். பின்னால் எப்போதாவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். முழுக்க அடைத்துவிட்டால் சத்தமில்லாமல் சுவருக்குள் இறங்கும். பூசுவதற்கு முன்பே ஷவரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் சுவரைத் தொடும் இடத்தில் காய்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் கழற்றி மறுபடி டேப் சுற்றிவிடலாம், சிலிக்கான் வீணாகாது.