கல்லூரிக்கு நெருக்கடிகாலத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் எது உதவும்?

தக்கலை பேராசிரியர்

வணக்கம். தக்கலைப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். புயல், வெள்ளம், தொற்றுநோய் என்று எது வந்தாலும் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என ஒரு திட்டம் எழுதித் தரும்படி முதல்வர் என்னிடம் பொறுப்பு கொடுத்திருக்கிறார். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு குழு, அதில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கீழே “வாட்ஸ்அப் வழியாக அனைவருக்கும் தகவல் தரப்படும்” என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இணையவழிப் பயிற்சி ஒன்றிலும் கலந்துகொண்டேன். 2005 கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுக்க மூடிக் கிடந்து 2006 ஜனவரியில் திறந்ததையும், 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகம் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தியதையும் சொன்னார்கள். நம்மூருக்கு இதையெல்லாம் எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை. ஓகி புயலைக் கல்லூரிக்கு உள்ளேயிருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

முன்னாள் வார்டன்

சார், ஓகி வந்தபோது நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 29ஆம் தேதி அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் வியாழக்கிழமை காலையில் புயலாகிவிட்டது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், வழக்கமான திருவிழா மழை என்றுதான் பலரும் நினைத்தார்கள். முற்பகலுக்குள் ரப்பரும் தேக்கும் சாலையில் விழுந்து கிடந்தன. கரண்ட் போனது. டவர்களில் பேட்டரி தீரத் தீர செல்போனும் செத்தது. உங்கள் கோப்பில் இருக்கும் அந்த வாட்ஸ்அப் வரிக்கு அதோடு வேலை முடிந்தது.

முதல்வர் வெளியூரில். கல்லூரி நிர்வாகச் செயலரைப் பிடிக்க முடியவில்லை. சில அப்பாக்கள் எப்படியோ பைக்கில் வந்து, “பிள்ளையை அனுப்புங்க டீச்சர்” என்று கேட்டில் நிற்கிறார்கள். அனுப்புவதா, நிறுத்திவைப்பதா? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. மூத்த பேராசிரியர்கள் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புயலைவிட அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் துணை முதல்வர் மேடம், “யாரும் வெளியே போக வேண்டாம், பொறுப்பு என்னுடையது” என்று சத்தமாகச் சொன்னார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அதனால் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இது இருக்கட்டும்: முதல்வர் கிடைக்காவிட்டால் யார், அவரும் கிடைக்காவிட்டால் யார். பெயர் போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். யாரையும் கேட்காமல் அவர் என்னென்ன செய்யலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்பதும் வேண்டும். கீழே செயலரின் கையெழுத்து. இது இல்லாமல் மற்ற பக்கங்களை எழுதிப் பிரயோசனம் இல்லை.

அடுத்தது தண்ணீர். பயிற்சிகளில் இதை யாரும் சொல்வதில்லை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி ஒரே நாளில் காலி. விடுதி நிறையப் பெண் பிள்ளைகள், கழிப்பறை நிலைமையை நினைத்துப் பாருங்கள். எங்களிடம் பழைய கிணறு இருந்தது, ஆனால் கம்பிவலை போட்டு மூடி வெல்டிங் வைத்திருந்தார்கள். காவலர் அதை உடைத்து, கயிறும் வாளியும் தேடி, பிள்ளைகள் முறைபோட்டு இறைத்தார்கள். கரண்ட் இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது. ஜெனரேட்டருக்கு டீசலும் வார்டன் கையில் கொஞ்சம் ரொக்கமும் அக்டோபரிலேயே இருக்க வேண்டும்.

பிறகு தகவல். 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது காலை ஏழேகாலுக்கு. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது ஒன்பதரை மணி வாக்கில். சற்று நேரத்தில் இரண்டாவது கட்டடத்தில் சுட்டான். அன்று இறந்தவர்கள் 32 பேர். முழு விவரமும் வரட்டும் என்று காத்திருப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது பாருங்கள். எங்கள் விடுதியிலும் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது. 2004 சுனாமியைப் பார்த்த கொளச்சல், மணக்குடி பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்ததைத் தெரிந்தவரை எழுதி, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்றும் போட்டு, கேட்டிலும் மெஸ்ஸிலும் ஒட்டுங்கள். சொன்ன மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் “புதிய தகவல் இல்லை” என்று ஒட்ட வேண்டும்.

துலேனைத் தள்ளிவிடாதீர்கள். அங்கே மூடியிருந்த பருவத்தில் மாணவர்களைப் பிற பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொண்டன. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒருவருக்கொருவர் ஆய்வகமும் விடுதியும் தருவோம் என்று இப்போதே எழுதிக்கொள்ள என்ன தடை?

தூத்தூர் பையன்

டீச்சர் சொன்னது புயல் அடித்த நாட்களின் கதை. எனக்கு அதற்கு அப்புறம் வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு பி.காம். சித்தப்பா போன விசைப்படகு திரும்பவில்லை. எங்கள் பக்கத்துக்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குவார்கள், எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எங்கோ நடுக்கடலில். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஊரே தண்டவாளத்தில் உட்கார்ந்தது, நானும் இருந்தேன். திரும்பக் கல்லூரிக்குப் போனால் வருகைப் பதிவு குறைவு, அபராதம் கட்டு என்றார்கள். அப்பாவை இழந்த வகுப்புத் தோழனிடம் கட்டணச் சலுகைக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். உடல் கிடைக்காதவர் இறந்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்கப் பொதுவாக ஏழு வருடம் ஆகும். அரசு பிறகு தனியாக வழி செய்தது, ஆனால் கல்லூரி கேட்டது அதற்கு முன்னால். அவன் படிப்பை விட்டுவிட்டான்.

எங்கள் துறை மிஸ் ஒருவர் மட்டும் பஸ் பிடித்து ஊருக்கு வந்தார். வீட்டுத் திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டிகிரி முடித்ததற்கு அவர்தான் காரணம். உங்கள் திட்டத்தில் கடலோர ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசிரியர் இருக்கட்டும் சார். யாரும் சொல்லாமலே போக வேண்டியவர் அவர்.

அலுவலகக் கண்காணிப்பாளர்

சின்ன விஷயம். மாணவர்களின் ஊர், பெற்றோர் எண், வரும் பஸ் வழி எல்லாவற்றையும் பருவத்துக்கு ஒருமுறை காகிதத்தில் அச்சடித்து மூன்று இடத்தில் வையுங்கள். அசல் சான்றிதழ்கள் தரைத்தளத்தில் இருந்தால் மாடிக்கு ஏற்றுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐ சுவரில் பெயிண்டில் எழுதிவிடுங்கள். 2020 மார்ச்சில் திடீரென்று மூடியபோது பல பிள்ளைகளின் செல் எண்ணே எங்களிடம் சரியாக இல்லை.

தக்கலை பேராசிரியர்

எல்லாருக்கும் நன்றி. தூத்தூர் தம்பி, நீங்கள் எழுதியதை முதல்வரிடம் அப்படியே காட்டப் போகிறேன். வார்டன் மேடம், இரண்டு சந்தேகம். வருகைப் பதிவு பல்கலைக்கழக விதி, கல்லூரி என்ன செய்ய முடியும்? செயலர் அதிகாரத்தை எழுதித் தர மறுத்தால்?

முன்னாள் வார்டன்

விதி அவர்களுடையது, பரிந்துரை முதல்வருடையது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக மனு தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பாதிக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும் சேர்த்துக் கல்லூரியே ஒரே கடிதமாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். காணாமல் போனவர் குடும்பத்துக்குப் பங்குத்தந்தை கடிதமோ மீன்வளத் துறைக் கடிதமோ போதும் என்று கல்லூரி தானே முடிவெடுக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தூத்தூர் தம்பி, உங்கள் தோழன் இப்போது தொடர்பில் இருந்தால் சொல்லுங்கள், தொலைநிலைக் கல்வியில் முடிக்க என்னால் ஆனதைச் செய்கிறேன்.

செயலர் விஷயம்: வாதாடாதீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை விடுதியில் மெயினை அணையுங்கள். செல்போன்களை வாங்கி வையுங்கள். முதல்வர் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலரை வெறுமனே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவரே பேனா கேட்பார்.

தக்கலை பேராசிரியர்

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன் மேடம். முடிந்தால் நீங்களும் வர வேண்டும். எங்கள் கல்லூரிக் கிணற்றைத் திறந்துவைக்க நாளைக்கே ஆள் அனுப்புகிறேன்.