கோஷர் விஸ்கி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் மக்களே. லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் யூதர், கோஷர் எனும் யூத மத உணவு விதிகளில் கொஞ்சம் கறார். வர்ற ஞாயிறு அவருக்கு 70 வயது விருந்து. நல்ல ஸ்காட்ச் கொடுக்கலாம் என்று ஒரு புட்டி வாங்கிவிட்டேன். தானியம், தண்ணீர், ஈஸ்ட், இதில் என்ன தப்பு வரும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து லேபிளைப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் 'ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்தது' என்று இருக்கிறது.

ஷெர்ரி என்பது ஸ்பெயின் நாட்டு ஒயின். யூதரல்லாதவர் தயாரித்த ஒயின் அவர்களுக்கு ஆகாது, அது ஊறிய மரத்தில் வருஷக்கணக்கில் கிடந்த விஸ்கி ஆகுமா என்பதில்தான் சண்டையே. நியூயார்க் ராபை (யூத மத அறிஞர்) மோஷே ஃபைன்ஸ்டைன், விஸ்கியில் கலந்த ஒயின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் குடிக்கலாம் என்றார், ஆனால் பேணுதலானவர்கள் தவிர்ப்பது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். பீப்பாயில் ஊறியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மறுப்பவர்களும் உண்டு.

சரி, போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி வாங்கலாமா? அதற்குப் புது ஓக் பீப்பாய்தான் சட்டம், ஒயின் வாசனையே கிடையாது. ஆனால் புளித்த தானியம் வைத்திருக்கவே கூடாத பஸ்கா பண்டிகை நாட்களில் யூத முதலாளி கையில் இருந்த தானியச் சரக்கு (நம்ம ஊர் அர்த்தத்திலும் சரக்குதான்!) என்றால் அதற்குத் தனித் தடையாம்.

இந்த விவகாரம் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்: வட்டத்துக்குள் 'யு' போட்ட கோஷர் சான்று முத்திரை இருந்தால் போதுமா? அவரிடமே கேட்டுவிடலாம்தான், ஆச்சரியம் போய்விடுமே என்று யோசிக்கிறேன்.