பழைய பார்கோ லாரிக்குப் பாயிண்ட் போதுமா, எலக்ட்ரானிக் போடலாமா?

ராயபுரம் பார்கோ:
தாத்தா துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய 1951 பார்கோ. ஆறு சிலிண்டர், சைடு வால்வு, பெட்ரோல். 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பல வருடம் ஷெட்டில் கிடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து போன மாதம்தான் ரோட்டில் இறக்கினேன். காலையில் நன்றாக ஓடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் மிஸ்ஸிங் தொடங்கி, அப்புறம் நின்றே விடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் வருகிறது. நின்ற இடத்திலேயே காயில் (பேட்டரி கரண்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் அழுத்தமாக ஏற்றுவது) ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பார்க் மஞ்சளாகச் சோர்ந்து வருகிறது. பாயிண்டை (காயில் கரண்ட்டை வெட்டி வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அதற்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று இருக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் சர்க்யூட்:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரில், சுழலும் ரோட்டாருக்குக் கீழே காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார், அவ்வளவுதான். தேயும் பாகம் கிடையாது. பாயிண்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூன்று நான்கு ஆம்பியரை வெட்டுகிறது. 2000 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டருக்கு விநாடிக்கு 100 தடவை. எந்த உலோகம் தாங்கும்? பாயிண்டைத் திறந்து மூடும் கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்னுக்குப் போகும், இன்ஜின் சூடாகும். பார்கோவைச் செய்த கிறைஸ்லரே 1973-ல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் பாயிண்டைக் கைவிட்டது. அவர்களே விட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

மணலி பட்டறை:
தம்பி, கிட் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. பாயிண்ட் மாற்றினேன் என்கிறாய். கண்டென்சர் மாற்றினாயா?

சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும், ஸ்பார்க் மஞ்சளாக வரும் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சரைத்தான். அடுத்தது காயில். பாயிண்ட் திறக்கும் நேரத்தில் அந்த நெருப்பை விழுங்குவது கண்டென்சர். அது சூட்டில் விட்டுவிட்டால் நெருப்பு பாயிண்டிலேயே எரியும், காயிலில் அழுத்தம் ஏறாது. கழற்றிய இரண்டு செட்டும் கறுத்துக் குழி விழுந்திருக்கிறதா பார். அப்படி இருந்தால் பழி பாயிண்டுக்கு இல்லை.

எண்ணூர் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். 1973-ல் கிறைஸ்லர் மாற்றினான் என்றால், அங்கே புகைச் சட்டம் இறுக்கிய காலம் அது. டைமிங் ஆயிரக்கணக்கான மைலுக்கு நகராமல் இருக்க வேண்டும் என்பது அவன் தேவை. இந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து பழவேற்காடு போய்வருகிறான். அவனுக்கு வேண்டியது, நின்ற இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து வண்டியை மறுபடி எழுப்புவது. கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1910 வாக்கில் காடிலாக் காருக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு இது. பாயிண்ட் இடைவெளி 0.020 இன்ச். இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் இல்லாவிட்டாலும் கனமான விசிட்டிங் கார்டை வைத்து ஓரளவு அமைத்து வீடு வந்து சேரலாம். கிட் செத்தால் டோ வண்டிதான்.

எண்ணூர் சர்க்யூட்:
அண்ணே, உங்கள் கைக்கு அது வரும். அவர் கைக்கு வருமா? உங்களை மாதிரி பாயிண்ட் வைக்கத் தெரிந்தவர்கள் வடசென்னையில் இன்னும் எத்தனை பேர்? நாளைக்கு அவர் பிள்ளை ஓட்டும்போது யார் இருப்பார்கள்? இன்னொன்று, காசிமேட்டுக் காற்று. நான்கு வாரம் ஓடாமல் நின்றால் பாயிண்ட் முகத்தில் படலம் கட்டிவிடும். என் சித்தப்பா ஜீப்பை ஒவ்வொரு மாதமும் அட்டை வைத்துத் துடைத்துத்தான் ஸ்டார்ட் செய்வார்.

மணலி பட்டறை:
துடைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, இல்லையா? அதைத்தான் நானும் சொல்கிறேன். உப்புக் காற்று கிட்டின் கனெக்டரையும் விடாது, அங்கே எதைத் துடைப்பாய்?

கை பழகியவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் பாயிண்ட் வைப்பது ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளும் வேலை. வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வா தம்பி, சொல்லித் தருகிறேன்.

திருவொற்றியூர் புல்லட்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா புல்லட் மெக்கானிக், பாயிண்ட் பார்த்தே வளர்ந்தேன். எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது: 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். பெரும்பாலான கிட் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தால் முதல் நிமிடமே கருகும். 6 வோல்ட் பாசிட்டிவுக்கென்று தனியாகக் கிடைப்பதும் உண்டு, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அதற்கு எவ்வளவு வோல்ட் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை செய்யும். பார்கோ அண்ணா, செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுக் காயிலின் பேட்டரி பக்க முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அப்படியே டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

ராயபுரம் பார்கோ:
பார்த்துவிட்டேன். செல்ஃப் அடிக்கும்போது காயிலில் 3.8 வோல்ட். தண்டு கையிலேயே ஆடுகிறது. ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் டிகிரி) மீட்டர் மாட்டினால் முள் ஐந்து ஆறு டிகிரிக்கு அலைகிறது. கழற்றிய பாயிண்ட் இரண்டு செட்டும் கறுத்திருக்கின்றன. கண்டென்சர் மாற்றவே இல்லை, ஷெட்டில் கிடந்த பழையதுதான்.

எண்ணூர் சர்க்யூட்:
தண்டு ஆடுகிறது என்றால் என் பக்கம்தான் வலுவாகிறது. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் பாயிண்ட் இடைவெளி உடனே மாறும். ஒரு சிலிண்டருக்கு ஒரு ட்வெல், இன்னொன்றுக்கு வேறு. சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவே கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஸ்பார்க்கின் பலம் குறையாது.

ஆனால் 3.8 வோல்ட்டுக்கு நானே கிட் பரிந்துரைக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வோல்ட்டில் சர்க்யூட் விழிக்காமலே போகலாம். பேட்டரி கேபிள் என்ன கனம்?

ராயபுரம் பார்கோ:
கார் கடையில் வாங்கிய சாதாரண கேபிள். சுண்டுவிரல் கூட இல்லை.

மணலி பட்டறை:
அதுதான். அது 12 வோல்ட் வண்டிக் கேபிள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், கேபிள் கட்டைவிரல் கனம் இருக்க வேண்டும். எர்த் பட்டையை சேஸிஸோடு விடாமல் இன்ஜினுக்கும் ஒன்று கொடு, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டு.

தண்டு ஆட்டத்துக்கு கிட் மருந்து இல்லை தம்பி. ஸ்பார்க்கின் பலம் குறையாது என்று எண்ணூர் தம்பி சொல்வது சரி. ஆனால் தண்டு சாய்ந்தால் காந்தமும் சேர்ந்துதான் சாயும், டைமிங் அலைச்சல் அப்படியே நிற்கும். லேத் பட்டறையில் கொடுத்து தண்டைத் தாங்கும் வெண்கல புஷ் புதிதாக அடிக்கச் சொல். தண்டு தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

எண்ணூர் சர்க்யூட்:
புஷ் அடித்த பிறகு கிட் போட்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும் அண்ணே. நான் பின்வாங்கவில்லை.

மணலி பட்டறை:
புஷ் அடித்த பிறகு கிட் எதற்கு? இந்த இன்ஜின் 2500-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆறு முனை கேம், முனைக்கு 60 டிகிரி, அதில் 38 டிகிரி பாயிண்ட் மூடியிருக்கும். 2000 ஆர்பிஎம்மில் காயிலுக்கு 6 மில்லி விநாடிக்கு மேல் நேரம் கிடைக்கிறது, நிரம்பிவிடும். 6000-த்தில் கத்தும் இன்ஜினுக்குத்தான் பாயிண்ட் பற்றாது.

எண்ணூர் சர்க்யூட்:
வேகத்துக்காக நான் கேட்கவே இல்லை. ஒரு தடவை டைமிங் வைத்தால் வருடக்கணக்கில் நகராமல் இருக்கும், அதற்காகக் கேட்கிறேன். போன வருடம் என் வண்டியில் போட்ட கிட்டுக்கு இதுவரை நான் மூடியைக் கூடத் திறக்கவில்லை. பிளக் ஒயரை மட்டும் சரியாகப் போட வேண்டும். பழைய செம்புக் கம்பி ஒயர் இருந்தால் அதன் இரைச்சல் சென்சாரைக் குழப்பும், ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயர் வேண்டும்.

திருவொற்றியூர் புல்லட்:
இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பாயிண்டை விட்டுவிடாமல் அதை வெறும் சுவிட்சாக வைத்து, காயில் கரண்ட்டை டிரான்சிஸ்டர் பெட்டி வெட்டட்டும். பாயிண்ட் வழியாக ஓடுவது மிகக் குறைந்த கரண்ட், முகம் கருகாது. உரசும் கட்டை மட்டும் தேயும். பெட்டி செத்தால் ஒயரை மாற்றிக் கண்டென்சரோடு பழையபடி ஓடலாம். பாசிட்டிவ் எர்த்துக்குச் செய்த பெட்டியா என்று பார்க்க வேண்டியது இதற்கும்தான்.

எண்ணூர் சர்க்யூட்:
இது எனக்குப் பிடிக்கிறது. பாதி வழிதான், ஆனால் நல்ல பாதி.

மணலி பட்டறை:
நின்ற இடத்தில் ஒயர் மாற்றி ஓட்ட முடியும் என்றால் எனக்கும் மறுப்பு இல்லை. முதலில் கேபிள், புஷ், கண்டென்சர். அதிலேயே ஓடிவிட்டால் பெட்டிக்குத் தேவை வராது.

ராயபுரம் பார்கோ:
கேபிள் இன்று மாற்றினேன், செல்ஃப் அடிக்கும்போது இப்போது காயிலில் 5.1 வோல்ட். டிஸ்ட்ரிப்யூட்டரைத் தண்டையார்பேட்டை லேத்தில் கொடுத்திருக்கிறேன். புது கண்டென்சர் இரண்டு வாங்கியாச்சு, ஒன்று டூல் பெட்டிக்கு. அடுத்த ஞாயிறு பாயிண்டோடு பழவேற்காடு போகிறேன். மறுபடி நின்றால் புல்லட் தங்கச்சி சொன்ன பெட்டி.

மணலி பட்டறை:
சரி தம்பி. பூட்டும்போது ரோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபெல்ட் துணித் துண்டில் இரண்டு சொட்டு ஆயில் விடு. கேமில் கிரீஸ் கடுகளவு போதும், அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டும்.