முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்கள் இங்கே யாராவது உண்டா?

தூங்காவிழி:
கேம் ஆஃப் த்ரோன்ஸ் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் (2019லேயே முடிந்துபோன தொடர்தான், சிரிக்க வேண்டாம்). ஒரு பாத்திரம் பிடித்துப்போனால் போதும், அது பிழைக்குமா சாகுமா என்று தெரியாமல் அடுத்த எபிசோடுக்குப் போக மனசு வருவதில்லை. நடித்தவர் பெயர் என்ன என்று பார்க்கத்தான் கூகுளைத் திறக்கிறேன், பாதி எழுத்து அடிப்பதற்குள் கீழே ‘டெத் சீன்’ என்று வந்து நிற்கிறது, அதற்கு மேல் எங்கே நிறுத்துவது? கூடப் பார்க்கும் அண்ணனோ நான் பேசாமல் இருந்தாலே உஷாராகிவிடுகிறான். இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை விடவே வேண்டாமா?

கடைசிபெஞ்ச்:
விட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நான் நாவல்களைப் படித்துவிட்டுத் தொடருக்கு வந்தவன். மூன்றாவது சீசன் ஒன்பதாவது எபிசோடில் வரும் அந்தக் கல்யாணம், 2000இல் வந்த நாவலிலேயே இருக்கிறது. 2013 ஜூனில் அது ஒளிபரப்பானபோது, படித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அலறுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். தெரிந்து பார்த்ததால் எனக்கு ஒன்றும் குறையவில்லை, கதவைச் சாத்துகிற ஒரு ஷாட்டிலேயே வயிறு கலங்கிவிட்டது, தெரியாதவனுக்கு அது வெறும் கதவு.

மழைக்கோட்டு:
இந்தப் பேச்சு வந்தாலே யாராவது 2011 ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் செய்தது, முடிவு தெரிந்து படித்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்களாம். ஆனால் அவர்கள் கொடுத்தது சிறுகதைகள். 2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் செய்த ஆய்வில் இதற்கு நேர்மாறாக வந்தது. எப்படியும், பத்து நிமிடத்தில் படித்து முடிக்கிற கதையும் வருஷக்கணக்காகக் கூடவே வரும் ஒரு பாத்திரமும் ஒன்றா? இதே தொடரில் வரும் ஜான் ஸ்னோ என்ற பாத்திரத்தின் விஷயத்தில் 2015 ஜூனிலிருந்து அடுத்த வருஷம் வரை குழம்பிக் கிடந்தோமே, அந்தக் குழப்பம்தான் எனக்குத் தொடரைவிடப் பிடித்திருந்தது.

வெற்றிலைப்பெட்டி:
ஐயா, ஆய்வெல்லாம் எதற்கு, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பிக்பாஸ் வார இறுதி எபிசோடு முன்னாடியே பதிவாகிவிடும், ஷூட்டிங்குக்குப் பார்வையாளராகப் போனவர்கள் வழியாகவோ என்னவோ, வெளியேறுவது யார் என்று சனிக்கிழமையே கசிந்துவிடும். அன்று சாயங்காலம் அம்மா ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து “யாருடா போறது?” என்பார். பிடித்தவர் தப்பித்தால் ஞாயிறு காபி டம்ளரோடு நிம்மதியாக உட்கார்ந்து, தொகுப்பாளர் இழுத்தடிப்பதைத் திட்டிக்கொண்டே பார்ப்பார். பிடித்தவர் போகிறார் என்றால் எட்டு மணிக்கே தூக்கம் வந்துவிடும். தூங்காவிழி, உங்களுக்கும் இதே கேஸ்தான், கதை தெரிய வேண்டும் என்பதில்லை, பயப்படாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேடுங்கள், ஆனால் ‘சாகிறாரா இல்லையா’ என்பதோடு மூடிவிடுங்கள், எப்படி என்பதைப் படிக்காதீர்கள்.

மழைக்கோட்டு:
அதோடு மூட முடிந்தால் அவர் எதற்கு இங்கே கேள்வி கேட்கிறார்?

தூங்காவிழி:
கடைசிபெஞ்ச் அண்ணா, நேற்றுதான் மூன்றாவது சீசன் எட்டாவது எபிசோடு முடித்தேன். ஒன்பதில் என்ன கல்யாணம்???

கடைசிபெஞ்ச்:
ஐயோ. முதலில் எந்த சீசன் என்று சொல்லியிருக்கக் கூடாதா தம்பி. தேடாதே. அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டு இன்றைக்கே போட்டுப் பார்த்துவிடு.

தூங்காவிழி:
தேடியாகிவிட்டது.