மாடிப்படி விளக்கைப் போட்டால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது, மெகர் அளவு சரியாகவே இருக்கிறது. உதவி தேவை

நாலுமுனை:
வணக்கம். இரண்டு தளமுள்ள சிறிய அலுவலகம், சிங்கிள் பேஸ் 230 வோல்ட். முன்பு மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஆர்.சி.சி.பி.தான் (போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் தானே அணைகிற, அதாவது டிரிப் ஆகிற சுவிட்ச்). எங்கே கோளாறு வந்தாலும் இரண்டு தளமும் இருட்டாகிறது என்றார்கள். அதனால் டி.பி.யை (மின் பகிர்வுப் பெட்டி) மாற்றி, தளத்துக்கு ஒன்றாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டு போட்டு, நியூட்ரல் பாரையும் (திரும்புகிற வயர்கள் சேரும் பட்டை) இரண்டாகப் பிரித்தேன்.

அன்று மாலையே தொல்லை ஆரம்பித்தது. மாடிப்படி விளக்கைப் போட்டால் டிரிப். ஒவ்வொரு முறையும் இல்லை. பெரும்பாலும் கீழ்த்தளத்து ஆர்.சி.சி.பி. விழுகிறது, சில நேரம் மேல்தளத்தது. இரண்டும் சேர்ந்து விழுந்ததே இல்லை. அது வெறும் 5 வாட் எல்.இ.டி. விளக்கு, மேலும் கீழும் டூவே சுவிட்ச்.

விளக்கைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பார்த்தேன், எல்லா சர்க்யூட்டும் 200 மெகாஓமுக்கு மேல். டெஸ்டரில் ஆர்.சி.சி.பி. இரண்டும் 24, 22 மில்லிஆம்பியரில் விழுகின்றன. சந்தேகத்துக்குக் கீழே உள்ளதைப் புதிதாக மாற்றியும் பார்த்துவிட்டேன், பலனில்லை. வேறு எங்கே பார்ப்பது?

டிபிடோர்:
பழைய கட்டடம் என்றால் இப்படித்தான். 100 மில்லிஆம்பியர் போட்டுவிடுங்கள், புகார் சொல்லி போன் வருவது நின்றுவிடும்.

மெகர்மாமா:
டிபிடோர் தம்பி, போன் நிற்கும், சரி. ஆள் விழுந்தால்? பிளக் பாயின்ட் இருக்கிற சர்க்யூட்டில் ஆள் உயிரைக் காப்பதற்கான கூடுதல் பாதுகாப்பு 30 மில்லிஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்றுதான் ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச வயரிங் தரம் சொல்கிறது. 300 மில்லிஆம்பியர் என்பது தீப்பிடிக்காமல் இருக்க வைக்கிற வரம்பு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

நாலுமுனை, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரே விளக்குக்கு இரண்டு ஆர்.சி.சி.பி.யும் மாறி மாறி விழுகின்றன, சேர்ந்து விழுவதில்லை. அந்த விளக்கு பேஸை (மின்சாரம் வருகிற வயர்) கீழ்த்தளத்திலிருந்தும் நியூட்ரலை மேல்தளத்திலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரவல் நியூட்ரல். கீழே உள்ளது, போன மின்னோட்டம் திரும்பவில்லை என்று பார்க்கிறது. மேலே உள்ளது, நான் அனுப்பாத மின்னோட்டம் வருகிறது என்று பார்க்கிறது. எது முந்துகிறதோ அது விழும். ஒன்று விழுந்ததும் விளக்கு அணைந்துவிடும், மற்றது தப்பித்துவிடும்.

5 வாட்டுக்கு 230 வோல்ட்டில் சுமார் 22 மில்லிஆம்பியர். பவர் ஃபேக்டர் குறைந்தால் இன்னும் கூடும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-இல் விழக்கூடாது, 30-இல் விழுந்தாக வேண்டும், நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். உங்களுடையவை 24, 22 என்கிறீர்கள், விளிம்பிலேயே நிற்கின்றன. கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர்களின் கசிவும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பாக இருந்திருந்தால் போட்டவுடனே விழுந்து, நீங்கள் முதல் நாளே பிடித்திருப்பீர்கள்.

முன்பு ஏன் வரவில்லை என்றால், இரண்டு தளமும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியாகப் போய் வந்தன, கணக்கு நேரானது. மெகர் காட்டாததற்குக் காரணம், இன்சுலேஷன் நன்றாகவே இருக்கிறது. இரண்டு சர்க்யூட்டையும் இணைப்பது அந்த விளக்கு மட்டுந்தான். அதைத்தான் கழற்றிவிட்டீர்களே.

உறுதி செய்ய மில்லிஆம்பியர் காட்டும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் வேண்டும், 400 ஆம்பியர் கிளாம்ப் இதற்கு ஆகாது. ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளியே போகிற பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வுங்கள். விளக்கை அணைத்து ஒரு அளவு, போட்டு ஒரு அளவு. இரண்டு ஆர்.சி.சி.பி.யிலும் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேல்தளத்து ஆர்.சி.சி.பி.யை அணைத்துவிட்டு மேலே நியூட்ரலில் கை வைக்காதீர்கள். மாடிப்படி சுவிட்ச் போட்டிருந்தால் விளக்கு வழியாக 230 வோல்ட் அந்த நியூட்ரலில் வந்து நிற்கும்.

நாலுமுனை:
மாமா, அதே தான். கீழே 4-லிருந்து 24-க்குத் தாவியது, மேலே 3-லிருந்து 22-க்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே டிரிப். மேல்தளத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், விளக்கின் நியூட்ரலைப் பக்கத்து அறை ஃபேனின் நியூட்ரலோடு முறுக்கி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன எச்சரிக்கையைப் படித்ததும் வயிறு கலங்கியது. நேற்று என் ஹெல்ப்பர் பையன் மேல்தளத்தை அணைத்துவிட்டு அதே பாக்ஸில்தான் வேலை செய்தான். பகல் நேரம், மாடிப்படி சுவிட்ச் போட்டிருக்கவில்லை. தப்பித்தான்.

மெகர்மாமா:
பிரிட்டன் வயரிங் விதி பி.எஸ். 7671-இல் 314.4 இதற்காகவே இருக்கிறது. ஒரு சர்க்யூட்டின் வயர் மற்றொன்றோடு சேரக்கூடாது, அணைத்து வைத்த சர்க்யூட்டுக்கு வேறு வழியாக மின்சாரம் வந்துவிடக்கூடாது. அமெரிக்க மின் விதி என்.எஃப்.பி.ஏ. 70-இல் 200.4-ம், விதிவிலக்கு சொன்ன இடம் தவிர, ஒரு நியூட்ரலை ஒரு சர்க்யூட்டுக்கு மேல் பயன்படுத்தாதே என்கிறது. பையனுக்கும் சொல்லுங்கள்: அணைத்தபிறகு பேஸ்-எர்த் மட்டும் பார்த்தால் போதாது, நியூட்ரல்-எர்த்தும் பார்க்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்ப வேண்டாம், இருமுனை டெஸ்டர் வாங்கிக் கொடுங்கள்.

கீழிருந்து ஒரு நியூட்ரல் இழுத்தால் போதும். என்னைக் கேட்டால் மாடிப்படிக்கு டி.பி.யிலிருந்தே தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டு, பேஸும் நியூட்ரலும் தனியாக இழுப்பேன். அது ஆள் வெளியேறுகிற வழி. யாரோ கெட்டிலைப் போட்டதற்காகப் படிக்கட்டு இருட்டாகக் கூடாது.

நாலுமுனை:
தனி ஆர்.சி.பி.ஓ. போட்டாயிற்று. மூன்று நாளாக ஒரு டிரிப்பும் இல்லை. ஆனால் பழைய பைப்பில் இடமில்லாததால் தளத்தில் ஓட்டை போட்டு 25 மி.மீ. பி.வி.சி. பைப் இறக்கினேன், சுற்றி ஃபோம் அடித்து மூடினேன். பார்க்க வந்த தீயணைப்பு ஆய்வாளர் இதை ஏற்க முடியாது என்றுவிட்டார். ஓட்டையே தெரியவில்லையே, என்ன குறை?

தீக்கதவு:
ஃபோம்தான் குறை. சாதாரண பாலியூரிதேன் ஃபோம் எரியும். பி.வி.சி. பைப் சூட்டில் உருகிச் சரிந்தால் உள்ளே ஒரு புகைபோக்கி திறந்துகொள்ளும். தீத்தடுப்புத் தரம் உள்ள தளத்தைத் துளைத்தால் அதே தரம் திரும்பி வரும்படி அடைக்க வேண்டும். என்.எஃப்.பி.ஏ. 70-இலும் 300.21 இதைத்தான் கேட்கிறது, மின்வேலைக்காரர் பொறுப்பில்லை என்று தப்ப முடியாது.

ஃபோமை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பைப்புக்குச் சூட்டில் உப்பிப் பைப்பை நெரித்து மூடுகிற காலர் அல்லது சுற்றுப்பட்டை வேண்டும். பைப்பின் உள்ளே வயரைச் சுற்றியுள்ள இடைவெளியை எப்படி அடைப்பது என்பதும் அதன் வரைபடத்தில் இருக்கும். டப்பாவில் 'தீத்தடுப்பு' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உங்கள் தளத்தின் கனம், பைப்பின் வகை, ஓட்டையின் அளவு மூன்றுக்கும் பொருந்துகிற, யு.எல். 1479 அல்லது இ.என். 1366-3 முறையில் சோதித்த அமைப்பின் வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஆய்வாளர் கேட்கப்போவது அதைத்தான். மூடுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஆர்.சி.பி.ஓ. விழுந்தாலும் படிக்கட்டில் பேட்டரி விளக்கு தானாக எரிய வேண்டும். அமெரிக்க உயிர்ப் பாதுகாப்பு விதி என்.எஃப்.பி.ஏ. 101 கேட்பது 90 நிமிடம். அது எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

நாலுமுனை:
பார்த்தேன். கீழ்த்தளத்து பிளக் பாயின்ட் சர்க்யூட்டில் இருக்கிறது. மாடிப்படி விளக்கு போனாலும் அதற்குத் தெரியாது. நாளை அதையும் சுவிட்சுக்கு முன்னாலிருந்து மாடிப்படி சர்க்யூட்டுக்கே மாற்றிவிடுகிறேன். காலர் சொல்லியிருக்கிறேன், வந்ததும் படம் போடுகிறேன்.