பத்து நிமிடத்தில் கருக்கும் மூலிகைச் சாயம்: உண்மையா, புரட்டா?

கார்குழலி:
நான் பயன்படுத்தும் மூலிகைச் சாயப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிப் பத்தே நிமிடத்தில் அலசினால், நரை முழுவதும் அட்டக்கருப்பாகிவிடுகிறது. இலைப்பொடிதான் என்பதால் ஒவ்வாமைச் சோதனையெல்லாம் தேவையே இல்லை.

அவுரிப்பித்தன்:
பத்து நிமிடமா? மருதாணியிலுள்ள லாசோன் என்னும் நிறமி முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு நன்கு பிணைவதற்கே மணிக்கணக்கில் ஆகும். அப்போதும் நரையில் கிடைப்பது செம்மையேயன்றிக் கருமையன்று. கருப்பு வேண்டுவோர் மருதாணியை அலசியபின், நீலச்சாயம் தரும் அவுரி இலைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதன் வீரியம் குறைவதற்குள் பூசி, மேலும் ஒரு மணி நேரமாவது காத்திருக்கிறார்கள். அலசியவுடன் பச்சையோ நீலமோ கலந்து தெரியும் அந்த நிறம், காற்றுப்பட்டு ஓரிரு நாளில்தான் ஆழ்ந்து கருக்கும். பத்து நிமிடத்தில் கருப்பாக்கும் பொடியில் பாரா-பினைலின்டையமின் போன்ற செயற்கைச் சாய ரசாயனம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உறையின் பின்புறத்தைப் படித்தீர்களா?

கார்குழலி:
மருதாணி, நெல்லி, கரிசலாங்கண்ணி என்று முகப்பிலேயே பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது பற்றிய விவாதத்தில் நான் சொன்னதை எதிர்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை போலும். என் தலை கருத்திருக்கிறது. அதைவிட என்ன சான்று வேண்டும்?

நெல்லிக்கனி:
இருவருமே இரும்புச் சட்டியை மறந்துவிட்டீர்கள். அதில் இரவு முழுவதும் ஊறிய மருதாணி கருப்பாகவே இருக்கும்.

அவுரிப்பித்தன்:
சட்டியிலுள்ள குழம்பு கருத்தால் முடியும் கருத்துவிடுமா, ஐயா? தேயிலைச் சாறும் இரும்பும் சேர்ந்தாலும் கலவை கருக்கத்தான் செய்யும். அதைப் பூசிய நரை பழுப்போடு நின்றுவிடும். சட்டி கிடக்கட்டும், பத்து நிமிடத்துக்கு இன்னும் விடை வரவில்லை.

நெல்லிக்கனி:
எங்கள் வீட்டுச் சட்டியைப் பார்க்காமலே பேசுகிறீர்கள்.

புதியவன்:
ஒவ்வாமைச் சோதனையை எப்படிச் செய்வது என்று யாராவது சொல்லுங்களேன்.

அவுரிப்பித்தன்:
குழைத்ததில் சிறிதளவைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் கவனியுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் தலையில் வைக்கவே வேண்டாம். முன்பு ஒத்துக்கொண்ட பொடிக்கும் பின்னாளில் ஒவ்வாமை வரலாம், இமை வீங்கி உச்சந்தலை கொப்பளிக்கும் அளவுக்கு. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குக் கலப்பற்ற மருதாணியே சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். இலைதானே என்பவர்களுக்கு ஒன்று: அரளியும் இலைதான்.

கார்குழலி:
அரளியை யார் தலையில் அரைத்துப் பூசினார்கள்? நீங்கள் நச்சரிப்பதால் உறையைப் பிரித்துப் பார்த்தேன். விலைச்சீட்டை உரித்தால், அதன் அடியில் கடுகளவு எழுத்தில் ‘பி.பி.டி.’ என்று இருக்கிறது. பட்டியலின் கடைசியில் வருவதால் அதுவும் ஒரு மூலிகையின் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அவுரிப்பித்தன்:
பாரா-பினைலின்டையமினின் சுருக்கமே அதுதான், அம்மையீர்! கடைசியில் வந்தாலும் ஒவ்வாமைக்குச் சிறிதளவே போதும். உங்கள் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது தெரிகிறதா?

கார்குழலி:
பத்து நிமிடம் கரிசலாங்கண்ணியால் வந்தது. அடுத்த முறை நேரம் குறித்துப் படத்தோடு போடுகிறேன்.

நெல்லிக்கனி:
போடும்போது இரும்புச் சட்டியில் ஊறவைத்துப் போடுங்கள்.