புதுப்பிப்பு: கடைசித் தென்னைக்குத் தண்ணீர் போய்விட்டது, மோட்டார் அதேதான்

பெரியபட்டினம் பக்கத்துத் தோப்பில் 180 மீட்டர் ஓடும் ஒரு இஞ்சுக் குழாயின் கோடியில் தண்ணீர் நூலாக வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன், பாதிப் பேர் மோட்டாரை மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

இரண்டு பக்கமும் பிரஷர் மீட்டர் மாட்டினேன். கோடி வால்வை மூடினால் இரண்டும் ஒரே அளவு (தரை மட்டம்தான்), திறந்தால் மோட்டார் பக்கம் 1.6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), கோடியில் 0.2. தண்ணீர் ஓடும்போது மட்டும் காணாமல் போகிற அழுத்தம் என்றால் அது உராய்வுதான். குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே சுற்றிலும் வெள்ளையாக உப்புப் படிவு, சுண்டுவிரல்கூடத் திணறித்தான் நுழைந்தது, நம்ம கடற்கரைக் கிணற்றைத்தான் தெரியுமே.

ஒன்றரை இஞ்சு போட்டாச்சு. அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறையும், விட்டம் கூடக் கூட இழப்பு கிட்டத்தட்ட அதன் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது (1.5-ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏழரை). எல்போக்களுக்கு (சட்டென்று திரும்பும் மூலை இணைப்புகளுக்கு) பதில் நீள வளைவு வைத்தோம், அதில் பெரிய லாபமில்லை. இப்போது தண்ணீர் ஓடும்போது மோட்டார் பக்கம் 1.4, கோடியில் 1.1. கோடியில் 20 லிட்டர் வாளி நிறைய முன்பு 50 விநாடி ஆனது, இப்போது 21.

"மோட்டாருக்கு வயசாச்சு" என்ற மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.